கழுவி வைத்த பன்னிரண்டு போத்தல்கள்

புதன்கிழமை காலை பத்து மணி. ஏப்ரன் கட்டியபடி, கையில் சவர்க்கார மணம் போகாமல், நான் ஹெர் லூத்தியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடிக் கிளாஸ். அதற்குள் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பு வைன்.

சிவப்பு என்று பேருக்குத்தான் சொல்கிறேன். உண்மையில் அது பால் விடாமல் ஆறிப்போன பிளேன்டியின் நிறம். ஓரத்தில் செங்கல் மாதிரி மங்கிக் கிடந்தது. வயதைக் கணக்குப் பார்த்தால் அது எனக்கு அக்கா முறை.

"குடியுங்கோ, ஃப்ராவ் நாகா," என்றார் அவர். ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. என் கணவரின் பெயர் நாகராசா. கடிதங்களில் என் பெயருக்குப் பின்னால் வருவதும் அதுதான். முழுவதையும் சொல்ல ஹெர் லூத்திக்கு நாக்குப் புரளாது.

நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஒரு சொட்டு மதுவும் தொடாத வாய் என்னுடையது. முருகா, இது குடிக்கிறதில்லை, வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு மிடறு வாயில் விட்டேன். கசப்பு. அடுப்பில் மறந்துபோய்க் கொதிக்க விட்ட தேயிலைச் சாயம் மாதிரிக் கசப்பு.

"என்ன மாதிரி?" அவர் மேசைக்கு மேலால் குனிந்து கேட்டார்.

"நல்லாயிருக்கு, ஹெர் லூத்தி."

அவருடைய முகம் விழுந்துபோனது. நல்லாயிருக்கு என்று சொன்னால் ஒரு மனுசன் ஏன் கவலைப்படவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஹெர் லூத்தி பேசியது சுவிஸின் பேர்ன் நகரத்து ஜெர்மன். நான் பேசியது அதைக் கடித்துக் குதறிய வேறொரு ஜெர்மன். அதை அப்படியே எழுதினால் அவரும் பாவம், நீங்களும் பாவம். ஆகவே அவரை எங்கள் தமிழிலேயே பேச விடுகிறேன். என் காதில் அவர் அப்படித்தான் கேட்டார்.

ரெகுலாவின் போத்தல்

பேர்னின் ஓரத்துப் பூம்ப்ளிஸில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்திலிருந்து அவருடைய வீடு பத்து நிமிட நடை. அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மனைவி மார்க்ரித்தை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். நான் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்குவதற்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார். புதன்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் எனக்கு அங்கே வேலை.

மார்க்ரித்தின் தகப்பனுக்கு பீல் ஏரிக்கரையில் ஒரு துண்டு திராட்சைத் தோட்டம் இருந்தது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடம், புருசனும் பெண்சாதியும் லீவு எடுத்துப் போய் அந்தத் தோட்டத்துப் பழத்தில் வைன் செய்தார்கள். எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்தாலும், வருடத்துக்கு ஒரு போத்தலை மட்டும் வீட்டுக் கெல்லரில் ஒதுக்கி வைத்தார்கள். லேபல் எழுதியது மார்க்ரித்தின் கை.

கெல்லர் என்பது வீட்டுக்கு அடியிலிருக்கும் நிலவறை. சுவிஸில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் அதற்குள் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூள் வாளியும் வைப்பார்கள். இவர்கள் வைனும் உருளைக்கிழங்கும் வைப்பார்கள்.

பிள்ளை பிறந்த வருடத்து வைனில் ஒரு போத்தலைப் பிள்ளையின் பெயரில் எடுத்து வைப்பது இங்கே சில குடும்பங்களில் வழக்கம். பிள்ளைக்கு இருபது வயது நிறையும்போது தாய், தகப்பன், பிள்ளை மூவருமாகத் திறந்து குடிப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று அப்படிப்பட்டது. ஒரே மகள் ரெகுலாவின் போத்தல்.

ரெகுலாவுக்கு இருபது வயது வரவில்லை. பத்தொன்பதாவது வயதில், ஒரு கோடை மாலை, சிநேகிதிகளோடு ஆரே ஆற்றில் நீந்தப் போனவள் திரும்பி வரவில்லை. போத்தல் கெல்லரிலேயே கிடந்தது. இரண்டு பேருக்கும் அதைத் திறக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

மார்க்ரித் கண்ணை மூடுமுன் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போற நாள் வந்தா, அவளின்ரை போத்தலைத் திறந்து, அவளை நினைச்சுக் குடிச்சுப்போட்டுப் போங்கோ. ஆரோ தெரியாத ஆக்களின்ரை கையிலை விட்டிட்டுப் போகாதையுங்கோ."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதலே தெரிந்திருந்தால் நான் ஏன் அந்தப் போத்தல்களில் கை வைக்கப்போகிறேன்!

அந்த வைகாசி

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. ஊரில் யுத்தத்தின் கடைசிக் கிழமைகள். அதைப் பற்றி முன்பே வேறிடத்தில் எழுதி அழுதாகிவிட்டது. திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. வன்னிக்குள் இருந்த என் சின்னண்ணையின் குரலைக் கடைசியாகக் கேட்டு ஐந்து கிழமையாகியிருந்தது. பேர்னில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வீட்டில் இருந்தால் டெலிபோனைப் பார்த்தபடியே விசர் பிடித்துவிடும் போலிருந்தது. ஆகவே வேலைக்குப் போனேன்.

அந்தக் கிழமைகளில் ஹெர் லூத்தி ஆசுபத்திரியில். தொண்டையில் புற்றுநோய் என்று கதிர்ச் சிகிச்சை நடந்தது. வீட்டுக் கதவின் திறப்பு என்னிடம் இருந்தது.

ஆளில்லாத வீட்டில் அழுக்கு எங்கே இருக்கும்? ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் கையை நிறுத்தினால் மனம் ஓடத் தொடங்கிவிடும். துடைத்த ஜன்னலைத் திரும்பத் துடைத்தேன். திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன். பிறகு கெல்லருக்குள் இறங்கினேன்.

மூலைத் தட்டில் பன்னிரண்டு போத்தல்கள் படுத்துக் கிடந்தன. தூசியென்றால் அப்படியொரு தூசி. சிலந்தி வலை. பூஞ்சணம் பிடித்த லேபல்கள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சாமானில் தூசி படிந்திருந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெட்கக்கேடு. பெண்சாதி இல்லாத மனுசன், இதையெல்லாம் ஆர் பார்க்கிறது என்று நினைத்தேன். பெரிய பேசினில் சுடுதண்ணீர் பிடித்து, சவர்க்காரத் தூள் போட்டு, பன்னிரண்டையும் ஊறவைத்தேன். கூழாகிக் கழன்று வந்த கடதாசிகளை நகத்தால் சுரண்டினேன். அழுதுகொண்டே சுரண்டினேன். ஒரு லேபலையாவது வாசித்தேனா என்றால், இல்லை.

பிறகு துணியால் துடைத்து, கடையில் அடுக்குவது போல நிமிர்த்தி, உயரத்தின்படி வரிசையாக நிறுத்தினேன். அந்தக் கிழமை முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

உருளைக்கிழங்குப் பெட்டியில்

மூன்று வருடம் போனது. அண்ணையைப் பற்றிய செய்தி வரவில்லை. ஹெர் லூத்திக்கு நோய் மாறியது. ஆனால் கதிர் பட்டதில் அவருடைய நாக்குச் செத்துப்போனது. "ரொட்டியும் கடதாசியும் எனக்கு ஒண்டுதான்," என்பார். வைன் பட்டால் தொண்டை எரியும். முழங்காலும் படி இறங்க விடவில்லை. அந்த மூன்று வருடமும் அவர் கெல்லர்ப் பக்கம் போகவேயில்லை.

பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மருமகள் முறையான ஒருத்தி வந்து, இனித் தனியே இருக்கக்கூடாது என்று, ஆவணி முடிய முதியோர் இல்லத்துக்குப் போக ஒழுங்கு செய்தாள். வீட்டையும் விற்பது என்று முடிவாயிற்று.

"ஃப்ராவ் நாகா, என்னைக் கெல்லருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு சாமான் எடுக்கவேணும்," என்றார் அடுத்த புதன்கிழமை.

கையைப் பிடித்துப் படிப்படியாக இறக்கினேன். லைற்றைப் போட்டேன். போத்தல்கள் பளபளவென்று நின்றன.

"நான்தான் கழுவினனான், ஹெர் லூத்தி. நீங்கள் ஆசுபத்திரியிலை இருக்கேக்கை," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். பன்னிரண்டையும் அப்படிப் பார்த்தார். தக்கைகளையும் பார்த்தார். வீட்டில் அடைத்த போத்தல்கள், தக்கையில் ஒரு எழுத்தும் இல்லை. பிறகு மெதுவாக உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இதிலை கடதாசி ஒட்டியிருந்ததே?"

"ஓம். ஒரே பூஞ்சணம். சுரண்டிப்போட்டன்."

"எங்கையாவது வச்சிருக்கிறீங்களோ?"

"குப்பைக்குள்ளை போட்டிட்டன்."

அப்போதுதான் ரெகுலாவின் கதையைச் சொன்னார். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்திருந்தால் அதுவும் எனக்குச் சம்மதம். அவரோ, தன் மனைவி கடைசியாகக் கேட்டதைச் சொல்லிவிட்டு, "பன்னிரண்டிலை ஒண்டு. எது எண்டுதான் இப்ப தெரியாது," என்று மட்டும் சொன்னார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"குடிச்சுத்தான் பாக்கவேணும்."

"உங்களுக்குத்தான் ருசி தெரியாதே!"

"உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் சமைக்கிற ஆள்."

எங்கள் பெண்கள் குடிப்பதில்லை என்றேன். "குடிக்கத் தேவையில்லை. ஒரு மிடறு வாயிலை வச்சுப் பாத்துச் சொன்னாக் காணும்," என்றார். கழுவியது நான். எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? வெள்ளிக்கிழமையில் மட்டும் வேண்டாம், விரதம் என்றேன். "நீங்கள் வாறது புதன்கிழமைதானே," என்று அந்த நிலைமையிலும் சிரித்தார்.

"அவளின்ரை வைன் எப்பிடி இருக்கும் எண்டு முதல் சொல்லுங்கோ. அப்பதானே நான் பிடிக்கலாம்."

வாத்தியார் விரலை ஆட்டினார். "நாப்பது வருசம் படிப்பிச்சனான். விடையைச் சொல்லிப்போட்டுக் கேள்வி கேக்கக்கூடாது. நீங்கள் நல்ல மனுசி. சொன்னனெண்டா, எனக்காக முதல் போத்தலிலையே இதுதான் எண்டிடுவீங்கள். உங்கடை நாக்குக்குப் பட்டதைச் சொல்லுங்கோ. அதைக் கேட்டா எனக்குத் தெரியும்."

உப்புப் பாயாசம்

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வாயைப் பற்றி ஒரு வார்த்தை.

ஓர்லிகோனில் என் மச்சாள் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோனார். பால் காய்ச்சி, படையல் வைத்து, எல்லாருக்கும் பாயாசம் தந்தார். முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது, சீனிக்குப் பதிலாக உப்பு. பதினான்கு பேர் வரிசையாக இருந்து குடித்தோம். "நல்லாயிருக்கு மச்சாள்" என்றேன். "எப்பிடிக் காய்ச்சினனீர்?" என்று ஒரு அக்கா செய்முறை கேட்டார். ஒரு மாமா இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். பாவம், அவர் பிரஷர்காரர்.

கடைசியாக மச்சாள் தானே வாயில் வைத்துவிட்டு ஐயோ என்று குசினிக்குள் ஓடினார். "பதினாலு பேர் இருக்கிறியள், ஒருத்தராவது சொல்லக்கூடாதே?" என்று அழுதார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆசையாகத் தந்ததைக் கூடாது, சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். பசித்தாலும் சாப்பிட்டுவிட்டேன் என்போம். வாந்தி வந்தாலும் நல்லாயிருக்கு என்போம்.

இந்தக் கதையை ஹெர் லூத்திக்கு ஒருநாள் சொல்லியிருந்தால் அவர் விழித்துக்கொண்டிருப்பார். எனக்கு அது சொல்லத் தோன்றவேயில்லை. வழமையாக மூச்சு விடுவதைப் பற்றி ஆர் ஆருக்குச் சொல்கிறார்கள்?

பன்னிரண்டு புதன்கிழமைகள்

கிழமைக்கு ஒரு போத்தல். பத்து மணிக்கு நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து இருப்பேன். அவர் தக்கையை இழுப்பார். நான் நிமிர்த்தி வைத்ததில் வைன் படாமல் தக்கைகள் காய்ந்து, பாதிக்குப் பாதி உடைந்து உள்ளே விழுந்தன. அப்படியானால் தேயிலை வடியில் வடித்துக் கொடுப்பேன். அவர் தனக்கும் ஒரு துளி விட்டு உதட்டை நனைப்பார். அதில் ஒன்றும் தெரியாது என்று அவருக்கே தெரியும்.

"என்ன மாதிரி?"

"நல்லாயிருக்கு."

முதலாவது கசப்பு, சொன்னேனே. இரண்டாவதில் ருசியே இல்லை, தகர வாளியில் நின்ற தண்ணீர். மூன்றாவது எனக்கு மெய்யாகவே பிடித்தது. நாவற்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே ஒரு துவர்ப்பு, அது. இரண்டாம் மிடறும் குடித்துவிட்டு வெட்கப்பட்டேன். அதற்கும் நல்லாயிருக்கு என்றேன். கசப்புக்கும் தண்ணீருக்கும் சொன்ன அதே நல்லாயிருக்கு.

அவர் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டு, "இது இல்லை," என்பார். பிறகு போத்தலுக்கு வேறு தக்கையை அடைத்து என்னிடம் தருவார். "உங்கடை அவர் ரெஸ்டோரன்ற் குசினியிலைதானே வேலை. சமையலுக்குப் பாவிக்கட்டும்." நான் பையில் போட்டுக்கொண்டு வருவேன்.

அந்தப் புதன்கிழமைகளில் அவர் ரெகுலாவைப் பற்றி நிறையச் சொன்னார். ஏழு மாதத்திலேயே நடந்தாளாம். பொய் சொல்லத் தெரியாதாம். பிடிக்காத சாப்பாட்டைத் தகப்பனின் சாப்பாட்டுக் கோப்பைக்கு நேரே தள்ளிவிட்டு, கூடாது என்பாளாம். அப்படியொரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது போத்தல் ஆடிமாத நடுவில். கிளாஸில் விட்டபோதே வெளிறிப்போய், பீற்றூட் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. வாயில் வைத்தேன். அம்மா! பல் கூசி, கண் தானாக மூடி, காதடி வரைக்கும் சுண்டி இழுத்தது. பச்சைப் புளியங்காயைக் கடித்தது மாதிரி. தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

ஹெர் லூத்தி மேசை விளிம்பைப் பிடித்தபடி முன்னால் குனிந்திருந்தார். "என்ன மாதிரி?"

செத்துப்போன பெண்சாதி தன் கையால் செய்தது. அது வினாகிரியாகிவிட்டது என்று புருசனின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்?

"நல்லாயிருக்கு, ஹெர் லூத்தி."

"உண்மையாவோ?"

"ஓம். இனிப்பா... பழம் மாதிரி." ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தேன்.

அவர் பின்னால் சாய்ந்தார். "சரி. இதுவும் இல்லை," என்றார்.

விடை

பன்னிரண்டாவது போத்தல் ஆவணிக் கடைசியில். அடுத்த புதன்கிழமை மருமகள் சாமான் ஏற்ற வானோடு வரப்போகிறாள். சுவரில் படங்கள் கழற்றிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

"நல்லாயிருக்கு," என்றேன்.

"அப்ப முடிஞ்சுது," என்றார் ஹெர் லூத்தி. போத்தலை அடைத்து என் பக்கம் தள்ளினார். "பன்னிரண்டும் இல்லை. அவளின்ரை போத்தல் அங்கை இருந்திருக்கேல்லை. மார்க்ரித் தனியக் குடிச்சிருக்கிறாள் போலை. எனக்குச் சொல்லாமல் குடிச்சுப்போட்டு, இடத்தை நிரப்ப வேறை ஒண்டை வச்சிருக்கிறாள். கடைசி நேரத்திலை ஏன் அப்பிடி ஒரு பொய் சொல்லிப்போட்டுப் போனாள்?"

"உங்களுக்கு எப்பிடி இல்லையெண்டு தெரியும்?" என்று கேட்டேன்.

"இனிச் சொல்லலாம்தானே. ரெகுலா பிறந்த வருசம் கோடை முழுக்க மழை. மிஞ்சினதை ஆலங்கட்டி அடிச்சுது. பழம் பழுக்கேல்லை. பச்சைக் காயைப் பிழிஞ்ச வைன் அது, வாயிலை வைக்கேலாத புளி. மாமா முழுவதையும் நிலத்திலை ஊத்தச் சொன்னவர். மார்க்ரித்தான் ஒரு போத்தலை ஒளிச்சு வச்சவள். புளிச்சாலும் என்ரை பிள்ளையின்ரை எண்டு சொல்லி. பன்னிரண்டிலை அது ஒண்டுதான் கூடாத வைன், ஃப்ராவ் நாகா. நீங்கள் எப்ப கூடாதெண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் நான் ஒவ்வொரு கிழமையும் பாத்துக்கொண்டிருந்தனான்."

ஏப்ரனைக் கூடக் கழற்றாமல், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆட்டிறைச்சிக் கறி

என் கணவர் மத்தியான வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நான் கொண்டுவந்து தந்த போத்தலுகள் எங்கை?"

"கெல்லருக்கை ரெண்டு கிடக்கும். மிச்சம் சமையலுக்கு விட்டாச்சு. ஏன்?"

"ஒண்டு நல்லாப் புளிச்சுக் கிடந்ததே? வெளிறின நிறம்."

"அதோ! அதைத்தானே மயூரன்ரை பார்ட்டி இறைச்சிக்கை முழுக்க விட்டனான். நீர் அண்டைக்கு என்னோடை சண்டை பிடிச்சனீர், மறந்துபோச்சே?"

மறக்கவில்லை. மகன் மயூரன் எலெக்ட்ரீசியன் படிப்பு முடித்ததற்கு ஒரு சிறிய மண்டபம் எடுத்து விருந்து வைத்தோம். இறைச்சிக்குக் கொஞ்சம் புளிப்பு நல்லது என்று ரெஸ்டோரன்ற் மூளையைப் பாவித்து, மனுசன் முழுப் போத்தலையும் ஊற்றிவிட்டார். நாற்பது பேரும் வாயில் வைத்துவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா, நல்லாயிருக்கு" என்றார்கள். பிறகு பார்த்தால் குப்பை வாளி நிறையக் கடதாசிக் கோப்பைகள், கோப்பை நிறைய இறைச்சி. மிச்சச் சட்டியையும் நாங்களே கவிழ்த்துக் கொட்டினோம்.

ஐம்பது வருடம் ஒரு தாயும் தகப்பனும் பொத்திப் பொத்தி வைத்தது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"சொல்லாதையும், வசந்தி," என்றார் கணவர் கதவுக்கு வெளியே நின்று. "வயசுபோன மனுசன். இன்னும் ஒரு கிழமையிலை போகப்போறார். சொல்லி என்னத்தைக் காணப்போறீர்? மனம் உடைஞ்சுபோம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கைவந்த வேலையும்கூட. ஆனால் அந்த மனுசன், பெண்சாதி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்ற நினைப்போடு முதியோர் இல்லத்துக் கட்டிலில் போய்ப் படுக்கப்போகிறார். ஒரு குற்றமும் செய்யாத மார்க்ரித்தின் தலையில் என் பொய்யைக் கட்டிவிட்டு நான் எப்படி இருப்பது? அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் புதன்

ஏப்ரன் கட்டவில்லை. கட்ட வேலையும் இல்லை. சாப்பாட்டு அறையில் மேசையும் இரண்டு கதிரையும்தான் மிச்சம். ஹெர் லூத்தி கோட்டுப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"ஏழாவது போத்தல், ஹெர் லூத்தி. நான் பொய் சொன்னனான். அது சரியான புளி. உங்கடை மனுசி செய்ததெண்டு எனக்குக் கூடாதெண்டு சொல்ல வாய் வரேல்லை. அவ ஒரு பொய்யும் சொல்லேல்லை. அவ வச்சது வச்ச இடத்திலைதான் இருந்தது."

அவர் என்னையே பார்த்தார். "மிச்சம் எங்கை?"

"என்ரை அவர் கறிக்கை விட்டிட்டார். மகன் படிப்பு முடிச்ச விருந்து. எங்களுக்குத் தெரியாது, ஹெர் லூத்தி. சத்தியமாத் தெரியாது."

தெருவில் ட்ராம் ஒன்று போனது. அவர் தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார்.

"கறி எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

என் வாய் பழக்கத்தில் 'நல்' என்று திறந்துவிட்டது. மூடினேன்.

"கூடாது," என்றேன். "வாயிலை வைக்கேலாது. நாப்பது பேரிலை ஒருத்தரும் சாப்பிடேல்லை. சட்டியோடை கொட்டினனாங்கள்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அப்ப மார்க்ரித் தொடேல்லை."

"இல்லை."

"அது அவள்தான். என்ரை பிள்ளைதான்."

"ஓம், ஹெர் லூத்தி."

மற்றக் கதிரையைக் காட்டினார். இருந்தேன். அவர் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, தொடக்கத்தில் குனிந்தது போல என் பக்கம் குனிந்தார்.

"இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. வாயிலை வச்ச உடனை என்ன மாதிரி இருந்தது? ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னேன். பல் கூசியதைச் சொன்னேன். கண் தானாக மூடியதை, காதடி சுண்டி இழுத்ததை, புளியங்காய் என்றால் என்ன என்பதை, விழுங்க மாட்டேன் என்று தொண்டை அடம்பிடித்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய கன்னம் உள்ளே இழுத்தது, வாய் கோணியது. தொண்டை ஏறி இறங்கியது.

வெளியே மருமகளின் வான் வந்து நின்றது.

"இன்னொருக்கால்," என்றார் ஹெர் லூத்தி, கண்ணைத் திறக்காமல்.

முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.